தெளிந்த தண்ணீரும் தெரிந்த தண்ணீரும்

கடந்த ஆவணியில் பெரியமடுவுக்குப் போயிருந்தேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன் முப்பதாண்டு காலம் கனடாவில் உழைத்து, ஓய்வுபெற்றுத் திரும்பி வந்து அங்கே வீடு கட்டியிருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் தடாகம். எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், சராசரியாக ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஆழம். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காகக் கட்டியதாகச் சொன்னான்.

மடு என்றாலே ஆழமான நீர்நிலை என்றுதான் பொருள். பெயரிலேயே தண்ணீரை வைத்திருக்கும் ஊரில் தடாகம் கட்டியதைப் பெரிய குற்றமென்று சொல்லிவிட முடியாது. ஆயினும் மன்னார் மாவட்டம் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீற்றர் மழையை நம்பியிருக்கும் உலர் வலயம். அந்த மழையிலும் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆவணியில் சோளகம் வீசும்போது நிலம் வெடித்துக் கிடக்கும். கிணறுகளில் தண்ணீர் அடியோடு போய்விடும். நண்பனின் வீட்டுக்குப் பக்கத்து வளவில் இருக்கும் ஆச்சி வேலியோரம் நின்று என்னிடம் சொன்னது இது:

"தம்பி, உங்கட கூட்டாளி மூண்டு தரம் நிரப்பி ரெண்டு தரம் திறந்து விட்டாச்சு. எங்கட கிணத்துக் கயித்தை ரெண்டு பாகம் நீட்டிக் கட்டியிருக்கிறன்."

குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அவர் சொன்னது முழு உண்மை. முதல் தரம் குழாய்க்கிணற்று நீரை நிரப்பிவிட்டு, மோட்டாரையும் வடிகட்டியையும் நம்பிக்கொண்டு நண்பன் சும்மா இருந்திருக்கிறான். பத்தாம் நாள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. தடாகத்துக்குரிய பொருட்கள் விற்கும் கடைக்காரர், "தண்ணியை மாத்துங்க ஐயா, அதுதான் சுகம்" என்றாராம். திறந்து விட்டான். இரண்டாம் தரம், பாசி பிடிக்குமுன்பே முந்திக்கொண்டு, கிணறுகளுக்கு இடும் குளோரின் தூளை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினான். தண்ணீர் பாலாய்த் திரைந்தது. மறுபடியும் கடைக்காரர், மறுபடியும் அதே வைத்தியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தடாகம் கொள்வது ஏறத்தாழ 45,000 லீற்றர். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆறு மாதத் தண்ணீர். அவன் இரண்டு தரம் திறந்து விட்டது அந்த ஆச்சியின் வீட்டுக்கு ஒரு வருடத் தண்ணீர்.

தடாகம் கட்டியதற்காக நான் அவனைக் குறை சொல்ல வரவில்லை. என் முறைப்பாடு வேறு. ஒருமுறை நிரப்பிய தண்ணீரை, ஆவியாகிப் போவதை மட்டும் ஈடுசெய்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் தெளிவாக வைத்திருக்கலாம். அதற்கு வேண்டியது கைக்கு அடங்கும் ஒரு சோதனைப் பெட்டியும் காலையில் ஐந்து நிமிடமும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்க மனமில்லாதவருக்கு, இப்படிப்பட்ட ஊரில் தடாகம் வைத்திருக்கும் உரிமை கிடையாது என்பது என் கருத்து.

நான் கலைப்பட்டதாரி. இரசாயனம் எனக்குப் பாடசாலையோடு விடைபெற்றுப் போன விடயம். ஆனால் இந்தச் சோதனையை முதன்முதலில் நான் கண்டது பெரியமடுவுக்குத் தொலைவில்லாத மடுவில்தான். 1990களில் அங்கே ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் திறந்த நிவாரண நிலையம் இருந்தது. செய்தி சேகரிக்கப் போயிருந்த ஒரு காலையில், தண்ணீர்த் தாங்கியின் அருகில் இளைஞர் ஒருவர் சிறு கண்ணாடிக் குழாயில் நீர் பிடித்து, எதையோ ஒரு குளிசை போட்டுக் குலுக்கி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் இளஞ்சிவப்பாக மாறியது. "சரி, குடிக்கலாம்" என்றார். வரிசையில் குடங்களோடு நின்ற பெண்கள் அந்தச் சிவப்புக்காகவே காத்திருந்தார்கள். அன்று அதை நான் செய்தியில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

அந்தச் சிவப்பின் பெயர் டீ.பீ.டீ. சோதனை. 1957 இல் பேலின் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர் வெளியிட்ட முறை. நீரில் குளோரின் இருந்தால் நிறம் வரும். கூடக் கூட நிறம் கடுக்கும். தடாகச் சோதனைப் பெட்டியில் இதனுடன் பினோல் சிவப்பு என்னும் இன்னொரு திரவமும் இருக்கும். அது பீ.எச். பெறுமானத்தைக் காட்டும்: மஞ்சள் என்றால் அமிலப் பக்கம், கடுஞ்சிவப்பு என்றால் காரப் பக்கம். மலிவான சில பெட்டிகளில் டீ.பீ.டீ.க்குப் பதிலாக மஞ்சள் நிறம் தரும் ஒரு திரவம் வருகிறது. அது மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். அழுக்கோடு சேர்ந்து ஓய்ந்துபோனதையும் இன்னும் வேலை செய்யக்கூடியதையும் பிரித்துச் சொல்லாது. காசு கொடுத்து வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டு எண்களையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால், ஒன்றில்லாமல் மற்றது பொய் சொல்லும். குளோரின் நீரில் கரைந்ததும் ஐப்போகுளோரசு அமிலமாகிறது. கிருமியைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். பீ.எச். 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழப் பாதி இந்த வடிவத்தில் இருக்கும். 8 ஆகும்போது காற்பங்குதான் மிஞ்சும். ஆகவே பீ.எச். ஏறிய தண்ணீரில் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் பெரும்பகுதி சோம்பிக் கிடக்கும். பொதுவாகத் தடாகங்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது பீ.எச். 7.2 முதல் 7.8 வரை; குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை. தடாகத்தில் மூக்கைத் துளைக்கும் "குளோரின் மணம்" வந்தால் மருந்து கூடிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டான குளோரமின்களின் நாற்றம்; மருந்து போதவில்லை என்பதன் அறிகுறி.

நண்பனின் இரண்டாம் தரத் தண்ணீர் ஏன் பாலாயிற்று என்பதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. மன்னார்ப் பக்கத்து நிலத்தடி நீர் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதை அங்கே காணாத வீடில்லை. அந்த நீரில் ஏற்கெனவே கல்சியம் நிறைய இருக்கிறது. குளோரின் தூளும் கல்சியச் சேர்வைதான், அதோடு பீ.எச்.ஐயும் ஏற்றும். இரண்டும் சேர, சுண்ணாம்பு கரைய மாட்டாமல் பொடியாகப் பிரிந்து மிதந்தது. சோதித்திருந்தால் அளவான அமிலம் இட்டு பீ.எச்.ஐ இறக்கி, வடிகட்டியை ஒன்றிரண்டு நாள் ஓட விட்டிருப்பான். தண்ணீர் மிஞ்சியிருக்கும். வன்னீர் உள்ள இடங்களில் தூளைவிடத் திரவக் குளோரின் ஏற்றது. வெயிலில் வைத்தால் அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால் சிறுகச் சிறுக வாங்க வேண்டும். மெல்லக் கரையும் வில்லைகளோ தம்மோடு சயனூரிக் அமிலத்தையும் கொண்டுவருகின்றன. ஓரளவுக்கு அது வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். அளவு மீறினால் குளோரினை முடக்கிப் போடும். அதைக் குறைக்க வீட்டிலிருப்பவருக்கு இருக்கும் ஒரே வழி தண்ணீரைத் திறந்து விடுவதுதான். நமது ஊருக்கு அது ஒத்துவராது. (அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்க வேண்டாம், எழும் வாயு ஆளைக் கொல்லும். வில்லையையும் தூளையும் ஒரே வாளியில் போட்டால் தீப்பற்றும். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தை இட வேண்டும், மருந்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது.)

நான் போன அன்று தடாகத்தில் இருந்தது மூன்றாம் தரத் தண்ணீர். பளிங்கு. அடியில் கிடந்த ஒரு நாணயத்தின் இலக்கத்தைக்கூட வாசிக்கலாம் போலிருந்தது. நண்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. இம்முறை சோதனைப் பெட்டியும் வாங்கி வைத்திருந்தான். ஆனால் ஒரு குறை: "மச்சான், எவ்வளவு குளோரின் விட்டாலும் சோதனையில பூச்சியம்தான் காட்டுது. அதால நேற்று ஒரு கலன் முழுக்க விட்டன்." பக்கத்தில் அவனுடைய பேத்தி நீச்சலுடையோடு நின்றுகொண்டிருந்தாள். முதல்நாள் நீந்திய கண்கள் சிவந்திருந்தன.

பெட்டியை வாங்கி நானே செய்து பார்த்தேன். குளிசையைப் போட்டதும் ஒரு கணம் சிவந்து, அப்படியே மறைந்துவிட்டது. நீர் பச்சைத் தண்ணீராக நின்றது. என் மகள் நீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்ப்பவள். தொலைபேசியில் கேட்டபோது, "அப்பா, பிள்ளையைத் தண்ணியில இறக்கவேண்டாம் என்று முதல்ல சொல்லுங்கோ" என்றாள். குளோரின் மிகவும் கூடிவிட்டால் அது சோதனையின் நிறத்தையே வெளுக்கச் செய்துவிடுமாம். பூச்சியம் போல் தெரிவது உண்மையில் அளவு கடந்த நிலை. ஒரு பங்கு தடாக நீருக்கு ஒன்பது பங்கு போத்தல் தண்ணீர் கலந்து, மறுபடி சோதித்து, விடையைப் பத்தால் பெருக்கச் சொன்னாள். நிறம் இரண்டில் நின்றது. அப்படியானால் இருபது.

பத்து லீற்றர் கலன், பத்து வீதத் திரவம், 45,000 லீற்றர் தண்ணீர்: பெருக்கிப் பார்த்தால் விடை அதுவேதான் வரும். அவன் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று ஒருமுறைகூடக் கணக்குப் பார்த்திருக்கவில்லை. நிறைந்த தடாகத்தில் குளோரினை 2 மில்லிகிராம் உயர்த்த வேண்டியது 90 கிராம் குளோரின், அதாவது ஒரு லீற்றருக்கும் சற்றுக் குறைந்த திரவம்.

தெளிவு என்பது எதற்கும் சான்றல்ல என்று அன்று கண்ணால் கண்டேன். மறுபக்கமும் உண்டு. குளோரின் அறவே இல்லாத நீரும் சில நாட்களுக்குப் பளிங்காகத்தான் இருக்கும். 2024 இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் மூளையைத் தாக்கும் அமீபாவினால் சிறுவர்கள் இறந்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அந்த உயிர், மூக்கு வழியாக ஏறும் நீரோடு உள்ளே போகிறது. குளங்களில் மட்டுமல்ல, குளோரின் சரிவர இடப்படாத தடாகங்களிலும் அது இருக்கக்கூடும். 2025 இல் மீண்டும் பலர் பாதிக்கப்பட்டபோது கேரள அரசு கிணறுகளுக்கும் தாங்கிகளுக்கும் குளோரின் இடும் இயக்கத்தையே நடத்தியது. மன்னார் வெயில் கேரள வெயிலுக்குக் குறைந்ததல்ல.

இந்தச் சிறு பெட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று யாரும் மயங்க வேண்டாம். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் நினைவிருக்கும். மின்நிலையக் கழிவு எண்ணெய் பற்றி அறிக்கைகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்க, சனங்கள் மூக்கை நம்பி வாளியை முகர்ந்து பார்த்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்த பின்னரே விடயத்துக்கு ஒரு முடிவு வந்தது. எண்ணெயையோ நைத்திரேற்றையோ பக்டீரியாவையோ வீட்டுச் சோதனைப் பெட்டி காட்டாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். ஆனால் சொந்தத் தண்ணீரை அளந்து, திகதி போட்டு எழுதி வைக்கப் பழகிய ஒரு வீட்டாரிடம், "ஒன்றுமில்லை, குடியுங்கள்" என்று எந்த அதிகாரியும் எளிதில் சொல்லிவிட்டுப் போக முடியாது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டவர்களும், 2007-2008 போரில் ஓடியவர்களும் இந்த மாவட்டத்துக்குத் திரும்பி வந்தபோது, பாழடைந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கித்தான் முதல் குடம் அள்ளினார்கள். யாரோ ஒருவர் வந்து சோதித்துவிட்டுப் போவார், அத்தோடு சரி. சோதிக்கும் கை வீட்டுக்குள் வரவில்லை என்பதே என் ஆதங்கம்.

இருபதைக் குறைக்கத் தண்ணீரைத் திறந்து விடலாமா என்று நண்பன் கேட்டான். வேண்டாமென்றேன். அவனுடைய தண்ணீரில் சயனூரிக் அமிலம் இல்லாததால் வெயிலே அந்த வேலையைச் செய்யும் என்று மகள் சொல்லியிருந்தாள். மூடியிருந்த படங்கை இழுத்துவிட்டோம். மூன்றாம் நாள் மாலை மூன்றுக்கு வந்தது. அதுவரை பேத்தி தடாகக் கரையிலிருந்து நாணயம் எறிந்து விளையாடினாள்.

இப்போது தினமும் காலையில் கைப்பேசியில் இரண்டு எண்கள் வருகின்றன: 7.4, 2. 7.6, 1.5. வேறு எதுவும் எழுத மாட்டான். போன கிழமை இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை. அழைத்துக் கேட்டேன். குளிசை தீர்ந்துவிட்டதாம், கொழும்பிலிருந்து வர நான்கு நாளாகுமாம். அதுவரை ஒருவரையும் இறங்க விடவில்லை என்றான். ஆச்சியின் கயிறு பற்றியும் விசாரித்தேன். மாரி தொடங்கினால்தான் தெரியும் என்றான்.