ஆடவைக்கும் பாட்டில் ஓர் அழுகுரல்



பாட்டுப் பிறக்கும் ஊர் என்று நம் கோடம்பாக்கத்துக்கு நெடுநாளாகப் பெயருண்டு. படப்பிடிப்புத் தளங்கள் பல மறைந்து, அவை நின்ற இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. ஆயினும் ஒலிப்பதிவுக் கூடங்கள் இன்றும் இங்கே இயங்கி வருகின்றன. அவற்றுள் ஒன்றான திரு. ஏ. ஆர். ரஹ்மான் அவர்களின் கூடத்தில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், உறுமி மேளக் கலைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கூடி வாசித்தார்கள். அவ்வாசிப்பு எந்தத் தமிழ்ப் படத்துக்காகவும் அன்று. இலண்டனில் வாழும் ஈழத் தமிழ்ப் பெண்ணொருவரின் ஆங்கிலப் பாடற்றொகுப்புக்காக அது பதிவாயிற்று. அத்தொகுப்பின் பெயர் ‘கலா’. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது பாடகியினுடைய தாயாரின் பெயர்.

அத்தொகுப்பிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’, அதாவது ‘காகித விமானங்கள்’ என்னும் பாடலைப் பற்றியே இம்மாதம் எழுதத் துணிந்தேன். பங்குத்தந்தைக்கு மேனாட்டுப் பாட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

நம் இளைஞர் மன்றத்து ஆண்டு விழாவில் மறைக்கல்விச் சிறுவர் சிலர் அப்பாட்டுக்கு நடனம் ஆடினார்கள். துள்ளல் நிறைந்த மெட்டு. குழந்தைகள் சேர்ந்து பாடும் பல்லவி. அப்பல்லவியின் நடுவே துப்பாக்கி வெடிக்கும் ஓசை வரிசையாக வரும். அதனைத் தொடர்ந்து கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் மணியோசை கேட்கும். சிறுவர்கள் விரல்களையே துப்பாக்கியாக்கிச் சபையோரை நோக்கிச் சுட்டார்கள். எல்லாரும் கை தட்டி மகிழ்ந்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வெளியே சென்றுவிட்டார். அவர் மன்னார்ப் பகுதியிலிருந்து வந்து நம் பங்கில் வாழும் ஒரு முதிய தாய்.

மறுநாள் அவரைக் கண்டேன். “பிள்ளையள் மேல எனக்குக் கோவமில்லை, சுவாமி. அந்தச் சத்தம் கேட்டால் கால் தன்பாட்டில ஓடுது” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மடுமாதாவின் திருச்சுருவத்தையே 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் போருக்கு அஞ்சி ஆலயத்தினின்று அகற்றிப் பாதுகாக்க வேண்டியிருந்த மண் அவருடையது. அம்மண்ணின் மக்கள் எத்தனை முறை எழுந்து ஓடியிருப்பார்கள் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம்.

எனக்கு வியப்பளித்த செய்தி வேறொன்று. அந்தத் தாயை ஓடச் செய்த அப்பாட்டு, அவரைப் போலவே ஓடிய ஒருத்தியின் பாட்டு.

பாடகியின் மேடைப்பெயர் எம்.ஐ.ஏ.; இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975-இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, அங்குள்ள திருக்குடும்பக் கன்னியர் மடப் பள்ளியில் பயின்றார். தந்தையார் ஈழப் போராட்ட இயக்கத்தில் ஈடுபட்டவர். ஆகவே இல்லத்தில் அவர் இருந்த நாள்கள் அரிது. பூசல் முற்றவே, தாயும் பிள்ளைகளும் சென்னைக்கு வந்து வறுமையில் சில காலம் உழன்றனர். 1986-இல் அகதிகளாக இலண்டன் சேர்ந்தனர். எம்.ஐ.ஏ. என்னும் மூன்றெழுத்து, போர்க்களத்தில் காணாமற்போனவர் பெயருக்கு எதிரே இராணுவ ஏட்டில் இடப்படும் குறியாகும். தம் பெயரிலேயே போரின் வடுவைத் தாங்கியவர் அவர்.

இனிப் பாட்டுக்கு வருவோம். மேலோட்டமாகக் கேட்டால், போலிப் பயணச்சீட்டும் கள்ளக் கடவுச்சீட்டும் செய்து விற்கும் ஒருத்தி, உங்கள் பணத்தைப் பறிப்பேன் என்று மார்தட்டுவது போலத் தோன்றும். சொற்கள் சில முரடானவை, அதை மறைப்பதற்கில்லை. அமெரிக்கா செல்ல விசா கிடைக்காமல் அலைந்த அனுபவம் பாடகிக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து குடியேறி உழைத்துப் பிழைக்கும் எளியோரைப் பிறர் எவ்வாறு ஐயத்தோடு நோக்குகிறார்களோ, அந்த நோக்கையே வேடமாகப் பூண்டு பாடியதாக அவர் விளக்கியிருக்கிறார். ‘எங்களைத் திருடரென்று எண்ணுகிறீர்களா? இதோ, நீங்கள் எண்ணும் திருடி’ என்று முகமூடி அணிந்து எதிரே நிற்பது போன்ற உத்தி அது. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனும் இதனைச் செய்வான்.

அதனினும் ஆழமான பொருள் ஒன்று அதன் மெட்டிலேயே புதைந்து கிடக்கிறது. அப்பாட்டின் அடியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசை, ‘தி கிளாஷ்’ என்னும் ஆங்கிலக் குழுவினர் 1982-இல் வெளியிட்ட ஒரு பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. அப்பாடல் வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிறந்து, தந்தையரால் கைவிடப்பட்ட குழந்தைகளின் அவலத்தைப் பேசுவது. போரால் அநாதையான பிள்ளைகளின் சோக இசைமீது, போரினின்று தப்பி வந்த ஒருத்தி தன் துள்ளற் பாட்டை எழுப்பியிருக்கிறார். நம் சிறுவர்கள் ஆடியது அதன் மீதுதான்.

பிறகு அந்த இரண்டு ஓசைகள். முதலில் துப்பாக்கி, உடனே கல்லாப்பெட்டி. இதற்கு இதுவே பொருள் என்று நான் சாதிக்க வரவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: உலகில் ஓரிடத்தில் துப்பாக்கி வெடித்தால், வேறோரிடத்தில் ஒரு கல்லாப்பெட்டி நிறைகிறது. 2015-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய திருத்தந்தை பிரான்சிஸ், கொடியோருக்கு ஆயுதங்கள் ஏன் விற்கப்படுகின்றன என்று வினவி, பணத்துக்காகவே, அதுவும் பெரும்பாலும் மாசற்றோரின் குருதியில் தோய்ந்த பணத்துக்காகவே என்று தாமே விடையும் கூறினார். நீண்ட உரை கூறிய அவ்வுண்மையை இரண்டே ஓசைகளில் ஒரு பாட்டு கூறிவிடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவ்வெடியோசையை மாற்றியே ஒலிபரப்பினார்கள். விருந்தினரின் செவிக்கு அது இனிக்கவில்லை போலும்.

அந்த ஓசை மெய்யாகவே கேட்டுக்கொண்டிருந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். 2009 பெப்ருவரியில் கிராமி விருது மேடையில் எம்.ஐ.ஏ. நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். அதே மாதத்தில், அவருடைய இப்பாட்டும் இடம்பெற்ற ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ படத்துக்காக நம் ரஹ்மான் இரு ஆஸ்கார் விருதுகள் பெற்றார். கோடம்பாக்கம் பட்டாசு கொளுத்திக் கொண்டாடியது. அதே மாதத்தில் வன்னியில் மக்கள் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். மே மாதத்தில் போர் முடிவுற்றது. இறுதிக் கட்டத்தில் உயிரிழந்த பொதுமக்கள் 40,000 பேர் வரையும் இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் அவையின் நிபுணர் குழு 2011-இல் குறிப்பிட்டது; படையினர், புலிகள் ஆகிய இரு தரப்பார்மீதும் கடுமையான குற்றச்சாட்டுகளை எடுத்துக்காட்டியது. இப்பாடகி ஒரு தரப்பின் குரலே என்று குறை கூறியோரும் உளர். அவ்வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பதுங்குகுழியில் கிடந்த குழந்தைக்குத் தரப்பு ஏது?

சிரித்த முகத்தோடு போரைக் கண்டிக்கும் பாட்டு இது ஒன்றே அன்று. சப்பானியப் பாடகர் கியூ சகமோட்டோ சீட்டியடித்துப் பாடிய பாடலொன்று 1963-இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. காதற்பாட்டென்று எண்ணி, ‘சுகியாகி’ என்னும் இறைச்சி உணவின் பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். அதன் ஆசிரியரோ, அமெரிக்காவுடனான இராணுவ உடன்படிக்கையை எதிர்த்து நடந்த கிளர்ச்சி தோற்றுப்போன துயரில் அதனை எழுதியவர். நம் இல்லங்களில் கிறிஸ்துமஸ் நாளில் ஒலிக்கும் ‘டூ யூ ஹியர் வாட் ஐ ஹியர்’ என்னும் ஆங்கிலப் பாடலும் 1962 அக்டோபரில், கியூபா நெருக்கடியால் அணுப்போர் மூளுமோ என்று உலகமே நடுங்கிய நாள்களில், சமாதானத்துக்கான மன்றாட்டாக எழுதப்பட்டதே. பாடும் நம்முள் எத்தனை பேர் அதனை அறிந்து பாடுகிறோம்?

ஏன் இவ்வாறு ஒளித்துப் பாட வேண்டும்? ஒப்பாரியை எவரும் இருமுறை கேட்க விரும்பார். கும்மியோ ஊர்விட்டு ஊர் செல்லும். துயரம் தொலைதூரம் செல்ல வேண்டுமானால் அது மகிழ்ச்சியின் காலணியை அணிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மேலும், துன்புற்றோர் எந்நேரமும் அழுதுகொண்டே இருப்பதில்லை. அவர்களும் ஆடுவார்கள், பாடுவார்கள். அந்த ஆட்டமே, எம்மை அழிக்க உங்களால் இயலவில்லை என்னும் அறிவிப்பாகும். அன்னை மரியாளின் புகழ்ப்பாடலை நாம் எவ்வளவு இனிமையாகப் பாடுகிறோம்! அரியணைகள் கவிழ்வதும் பசித்தோர் நிறைவதும் அதனுள் இருக்கின்றன என்பதை இனிமையில் மறந்தே போகிறோம்.

பெற்றோரே, பிள்ளைகள் இத்தகைய பாட்டைக் கேட்கும்போது, நிறுத்து என்று அதட்டுவது எளிது. கேட்கட்டும் என்று விட்டுவிடுவது அதனினும் எளிது. இரண்டும் வேண்டா. அருகில் அமர்ந்து, “இது யார் பாடியது? அவர் ஏன் இப்படிப் பாடினார்? இந்த ஓசை ஏன் இங்கே வருகிறது?” என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் இருவருமாகத் தேடுங்கள். அத்தேடலே நல்ல மறைக்கல்வியாகும்.

நடனமாடிய சிறுவர்களிடம் இவ்வளவையும் எடுத்துரைத்தேன். அவர்கள் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பின்பு அவர்களுள் மூத்தவன், “ஃபாதர், அந்தப் பாட்டி வீடு எது?” என்று கேட்டான். வழி சொல்லி அனுப்பினேன்.