அடுப்பு முன்னர், தியானம் பின்னர்

மேல்பட்டாம்பாக்கத்தில் ஊராரைக் கூட்டித் தியானமும் யோகாசனமும் பயிற்றி, மனத்துயர் ஆற்ற எண்ணுவோர்க்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. கடலூர் மாவட்டத்திலேயே உள்ள வடலூரை நோக்குக. அங்கே இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டில் தருமச்சாலை நிறுவிப் பசித்தோர்க்குச் சோறிட்டார். ஒளி வழிபாட்டிற்குரிய சத்திய ஞான சபையோ 1872-இல்தான் திறக்கப்பெற்றது. இவ்வரிசையை நாம் மறத்தலாகாது. வயிறு காய்ந்தவனைக் கண்மூடி அமரச் சொல்லுதல் அறமாகுமா? ஆகவே, கூட்டம் நடத்துவோர் முதலில் உணவிடுக. அடுத்துத் துயருற்றோர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்க. அதன்பின் தியானம் பயிற்றுக. மூச்சுப் பயிற்சியால் மனம் அமைதியுறலாம். ஆயினும், பல வாரங்களாக உறக்கமும் உணவும் இழந்து தவிப்போரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலும் அவர்தம் கடமையேயாம். பந்தியில் இலையிடும் பணியை நம் மாணவர் மனமுவந்து ஏற்பாராக.