சோற்றை விட்டேன், நடையைத் தொட்டேன்!

அடைக்கும் வடைக்கும் குறிப்பு தேடிப் பக்கத்தைப் புரட்டிய சகோதரிகள் என்னை மன்னிக்க வேண்டும். அடுப்படி சமாசாரம் அடுத்த தடவை. இந்தத் தடவை நான் செய்த ஓர் அசட்டுத்தனத்தைச் சொல்லப் போகிறேன். என்னோடு போயிருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். என்னைப் பார்த்துக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஆஸ்பத்திரி வரை போய்விட்டு வந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் சித்திரையில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 என்று வந்தது. 5.7-க்கு மேல் போனால் எல்லைக்கோடு, 6.5 ஆனால் நீரிழிவு. எடை 74 கிலோ. எனக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு மாத்திரை வேறு உண்டு. "இப்பவே வாயைக் கட்டு" என்றார் என்னவர். அவருக்கென்ன, ஆவடி டாங்க் பேக்டரியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து நாலு கரண்டி சோறு போட்டுக்கொண்டாலும் உடம்பில் ஒட்டாது!

கல்லூரியில் படிக்கும் என் பெண்தான் பேலியோ உணவைப் பற்றிச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு நியாண்டர் செல்வன் என்பவர் தமிழில் இதைப் பற்றி நிறைய எழுதி, முகநூலில் ஒரு பெரிய கூட்டமே சேர்ந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 'பேலியோ டயட்' என்று புத்தகமும் வந்தது. இட்லி, தோசை, சோறு, சர்க்கரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முட்டை, கறி, பனீர், பாதாம், காய்கறி என்று சாப்பிடுவது. மாவுச்சத்தைக் குறைப்பது ஒன்றும் நேற்று முளைத்த யோசனை இல்லையாம். லண்டனில் வில்லியம் பாண்டிங் என்கிற பெரியவர் 1863-லேயே ரொட்டியும் உருளைக்கிழங்கும் விட்டு இளைத்த கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்டிருக்கிறார். முதலில் பரிசோதனை செய்துகொண்டு, வியாதிக்காரர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள் என்று இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் நான் தாண்டிப் போய்விட்டேன். நமக்குப் பிடிக்காத வரியை நாம் படிப்பதில்லையே!

வைகாசி முதல் தேதி ஆரம்பித்தேன். எதிலும் அரைகுறை எனக்குப் பிடிக்காது. சோற்றை விட்ட அதே நாளில் நடையையும் தொட்டேன். எங்கள் நெமிலிச்சேரி வழியாகத்தான் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை போகிறது. நாங்கள் 400 அடி ரோடு என்போம். அதன் ஓரத்தில் விடியற்காலை ஐந்தேகாலுக்கு இறங்கி ஒரு மணி நேரம் விறுவிறு என்று நடை. சாயங்காலம் மொட்டை மாடியில் கயிறு தாண்டல். காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் காலிஃபிளவரைத் துருவி வதக்கிய 'சோறு', ராத்திரி கோழியோ பனீரோ. ரத்தக்கொதிப்புக்காரியாயிற்றே என்று உப்பையும் பாதியாகக் குறைத்தேன்.

ஐந்தாம் நாள் தராசில் ஏறினால் இரண்டரைக் கிலோ குறைவு! அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை என்ன சொல்ல! கம்பிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டே பின் போர்ஷன் பெண்ணிடம் அளந்தேன். அவளுக்கு 26 வயது. ஐந்து மாதக் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு இறங்காத எடையைப் பற்றி ஏதோ ஒரு விசேஷத்தில் யாரோ கிண்டல் செய்தார்களாம், மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உங்க மூஞ்சியே மாறிப்போச்சு. நானும் செய்யட்டுமா?" என்றாள். "தாராளமா செய், நல்ல சாப்பாடுதானே" என்றேன். அவளிடம் நான் சொன்னது அவ்வளவுதான்.

ஏழாம் நாளிலிருந்து எனக்குத் தலைவலி. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நிற்பேன். குனிந்து நிமிர்ந்தால் கண்ணில் பூச்சி பறக்கும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். இதெல்லாம் கொழுப்பு கரைவதற்கு அடையாளம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் காலை, நடை முடிந்து ஸ்டேஷன் பக்கம் திரும்புகிறேன், விளக்குக் கம்பமெல்லாம் சாய்ந்தாற்போல் இருந்தது. பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தது தெரியும். அப்புறம் பூக்கார அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, காத்தால ஒண்ணும் துன்னலியா?" என்று டீ வாங்கி நீட்டினார். அந்த நிலைமையிலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சர்க்கரை இல்லாம வாங்கியிருக்கக் கூடாதா?" அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் மூச்சு விடவில்லை. முழங்கை சிராய்ப்புக்குப் படியில் வழுக்கியது என்று ஒரு பொய். பின் போர்ஷன் பெண் "எப்படிக்கா போவுது?" என்று கேட்டபோதும் "பிரமாதம்" என்றேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அவளும் நிறுத்தியிருப்பாள். அவள் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு என்னைப் போலவே கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் கழித்து நடுராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினான் அவள் புருஷன். அவளுக்குச் சாயங்காலத்திலிருந்து ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கல். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். குழந்தையை என் மாமியார் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள், அதிகமில்லை. சிறுநீரில் கீட்டோன் ஏராளம், ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது. "என்னம்மா சாப்பிடறே?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் அம்மா திருத்தணியிலிருந்து வந்து கட்டிலருகே நின்று, "யாருடி உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். நான் பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன். அவள் என்னைப் பார்க்காமலே, "போன்ல பார்த்தேம்மா" என்றாள்.

பெரியவரிடம் மறு வாரம் நானே போய் உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உன் வீட்ல உடைச்ச உளுந்து இருக்கா? கஞ்சி வைக்கணும்" என்றார்.

அன்றைக்கே திருநின்றவூரில் நான் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ரத்த அழுத்தம் பார்த்தார், 94-க்கு 60. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தால் இன்னும் கீழே. சர்க்கரை 88, அதில் ஒரு கோளாறும் இல்லை. ரத்தத்தில் சோடியம் 131. 135-க்குக் குறையக் கூடாதாம். "நீங்க மயங்கினது சோறு இல்லாததால இல்லைம்மா, உப்பும் தண்ணியும் இல்லாததால" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் கொஞ்சத்தை உடம்பு கிளைக்கோஜன் என்று சேர்த்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தினால் இந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போய்விடும். ஐந்து நாளில் இரண்டரைக் கிலோ என்று நான் ஆடினேனே, அதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர்! அதோடு, மாவுச்சத்து குறைந்தால் இன்சுலினும் குறையும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காமல் வெளியே தள்ளும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரத்தக்கொதிப்பு மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்தும் கலந்திருக்கிறது. அதுவும் உப்பைத் தள்ளும். வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து, சாயங்காலம் குதித்து, வேர்வையில் மிச்சமும் போச்சு. சாப்பாட்டிலோ உப்பு பாதி. பானையில் நாலு ஓட்டை போட்டுவிட்டு ஊற்றுவதையும் நிறுத்தினால் என்ன ஆகும்?

இந்தத் தலைவலி, கிறுகிறுப்பு, அசதி எல்லாவற்றையும் சேர்த்து வெளிநாடுகளில் 'கீட்டோ ஃப்ளூ' என்கிறார்களாம். முதல் ஒன்றிரண்டு வாரம் பலருக்கும் வரும். இன்னொன்றும் சொன்னார். வேகமாக நடக்க, கயிறு தாண்ட, தசைக்குக் கிளைக்கோஜன் வேண்டும். அதைக் காலி செய்துவிட்டு ஓடு என்றால் உடம்பு எங்கே ஓடும்? கொழுப்பை எரித்து நடக்க உடம்பு பழகுவதற்கே சில வாரம் பிடிக்கும். அமெரிக்காவில் ஸ்டீஃபன் பின்னி என்கிற டாக்டர் 1983-ல் ஐந்து சைக்கிள் வீரர்களுக்கு நாலு வாரம் மாவுச்சத்தே இல்லாத மாதிரி சாப்பாடு கொடுத்துப் பார்த்தாராம். நிதானமாக நெடுநேரம் மிதிப்பதில் அவர்கள் சளைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு உப்பும் பொட்டாசியமும் அளந்து சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஏற்கெனவே பழகின வீரர்கள் வேறு. நானோ துணிக்கொடி வரைக்கும் நடந்தவள்!

பின் போர்ஷன் பெண்ணுக்கு வந்தது வேறு, அது எனக்கு வந்ததைவிட ஆபத்தானது. பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் போலக் குடிக்கும். அதில் மட்டும் ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை, லாக்டோஸ் என்பது, தாயின் உடம்பிலிருந்து போகிறது. தான் சாப்பிடுவது 30 கிராம், குழந்தைக்குக் கொடுப்பது 50 கிராம் என்றால் அந்த உடம்பு என்ன செய்யும்? கீட்டோன் அளவுக்கு மீறி ஏறி ரத்தமே புளித்துப்போகும். எல்லாருக்கும் வராது, அபூர்வம்தான். ஆனால் வந்தால் மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்து. முதல் ஆறு மாதம் பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் கணக்குப் போட்டிருக்கிறது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம். விடாத வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் கஷாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போங்கள். பால் கொடுப்பதையும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ அதே அளவில் எடுத்துக்கொண்டு சோற்றை நிறுத்தினால் சர்க்கரை சர்ரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, குழப்பம் வந்து, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை ஏறாமலே ரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும். அவர்கள் தாங்களாக மாவுச்சத்தை நிறுத்தவே கூடாது.

எனக்கு டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். (நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், அம்மா!) சாப்பாட்டில் உப்பைப் பழையபடி போடச் சொன்னார். இரண்டு வாரம் நடையை வாசல் தெருவோடு நிறுத்தினார். உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர், முருங்கைக்கீரை சூப் ஒரு கிண்ணம். இதுவும் எனக்குச் சொன்னதுதான். ரத்த அழுத்தம் ஏறியிருப்பவர்களும், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

மாவுச்சத்தைக் குறைப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நாம் அதை அதிகமாகத்தான் சாப்பிடுகிறோம். நம் நாட்டில் சாப்பாட்டுச் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-ல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. தானியங்களிலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி. இப்போது நான் மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, அதைவிட இரண்டு மடங்கு காய், பருப்பு, முட்டையோ மீனோ. காலையில் இரண்டு இட்லி, ராத்திரி ஒரு அடை. ஒரு மாதம் சாப்பாட்டை மட்டும் இப்படிப் பழக்கிக்கொண்டேன். அப்புறம்தான் நடையை 20 நிமிஷத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டினேன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான். கயிற்றை என் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏழு மாதத்தில் 74 கிலோ 69 ஆயிற்று. சர்க்கரை சராசரி 5.8. பூக்கார அம்மாவிடம் தினம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருகிறேன். பின் போர்ஷன் குழந்தை இப்போது தத்தித் தத்தி நடந்து வந்து எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் கையை விடுகிறான்.

முருங்கைக்கீரை அடையின் அளவு கேட்டு மூன்று சகோதரிகள் எழுதியிருந்தார்கள். அடுத்த இதழில் கட்டாயம் தருகிறேன்.