உதவிப் படையின் விலை

பேரணாம்பட்டிலிருந்து தெற்கே ஆம்பூருக்குப் போகும் சாலையில் தோல் வியாபாரிகளும் தொழிலாளரும் தினந்தோறும் போய் வருகிறார்கள். ஆம்பூரின் தலைமாட்டில் நிற்கும் துர்க்க மலையைக் கண்ணால் காணாதவர் அவர்களில் ஒருவரும் இரார். ஆனால் அம்மலைக் கோட்டையின் கீழ் 1749-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி ஒரு பகற்பொழுதுக்குள் தென்னாட்டின் விதி திசை மாறிற்று என்பதை நினைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? பிளாசிப் போர் நடந்த வருஷத்தைக் கேட்டால் பள்ளிச் சிறுவன் 1757 என்று பளிச்சென்று சொல்லுவான். அதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்னரே, பிளாசியில் ஆடிய அதே ஆட்டம் நமது வாசற்படியில் ஒத்திகை பார்க்கப்பட்டு விட்டது. அதை அவனுக்கு யார் எடுத்துச் சொல்லப் போகிறார்கள்?

ஆம்பூரில் அன்வருத்தீன் கான் தோற்றார், சந்தா சாகிப் ஜயித்தார் என்று எழுதுவது வழக்கம். அது பாதிச் சரித்திரமே என்பது நமது அபிப்பிராயம். அன்று தோற்றவரும் தோற்றார்; ஜயித்தவரும் தோற்றார். உதவி என்னும் பெயரால் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஒன்றே அன்று ஜயித்தது.

தூரத்து வழக்கைப் படித்தால் சொந்த வழக்கின் நியாயம் தெளிவாகும் என்பதை வக்கீல்கள் அறிவார்கள். ஆகையால் நமது கதைக்கு முன் யவனர் கதையைச் சற்றே பார்ப்போம். கி.மு. 480-லும் 479-லும் பாரசீகச் சக்கரவர்த்தியின் பெருஞ் சைன்யத்தை, ஆதென்ஸும் ஸ்பார்ட்டாவும் ஒன்றாய் நின்று, ஸாலமிஸ் கடலிலும் பிளாட்டியா வெளியிலும் முறியடித்தன. உலகமே வியந்த வெற்றி அது. ஆனால் ஐம்பது வருஷம் கழியுமுன் அவ்விரு நகரங்களும் ஒன்றையொன்று அழிக்கப் புகுந்தன. கி.மு. 431-ல் தொடங்கிய அந்த யுத்தம் 27 வருஷம் நடந்தது. ஆதென்ஸின் பலம் கப்பற் படை. ஸ்பார்ட்டாவின் பலம் தரைப் படை. கப்பல் கட்டப் பொன் வேண்டும். பொன் யாரிடம் இருந்தது? துரத்தியடிக்கப்பட்ட பாரசீகரிடம் இருந்தது.

கி.மு. 412-ல் ஸ்பார்ட்டா அந்தப் பொன்னுக்குக் கை நீட்டிற்று. ஆசியாக் கரையிலுள்ள கிரேக்க நகரங்கள் சக்கரவர்த்திக்கே உரியவை என்று ஒப்புக்கொண்டு உடன்படிக்கை எழுதிற்று. பாரசீகப் பொன்னால் கட்டிய கப்பல்கள் கி.மு. 404-ல் ஆதென்ஸைப் பணிய வைத்தன. அதன்பின் ஸ்பார்ட்டாவின் தலை நிமிர்ந்தது; நிமிர்ந்த தலையைத் தட்டிவைக்கப் பாரசீகர் ஆதென்ஸின் பக்கம் சாய்ந்தனர். கி.மு. 394-ல் ஓர் ஆதென்ஸ் தளகர்த்தனே பாரசீகக் கப்பல்களை நடத்திச் சென்று ஸ்பார்ட்டாவின் கப்பற் படையை ஒழித்தான். கடைசியில் கி.மு. 386-ல் சக்கரவர்த்தி ஒரு சமாதானத்தை எழுதியனுப்பினார். கிரேக்கர் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டனர். வாளால் கிடைக்காத ஆசியாக் கரை நகரங்கள் பொன்னால் அவர் கைக்கு வந்துவிட்டன.

அவர்கள் பாடம் கற்றார்களா? இல்லை. ஸ்பார்ட்டாவை கி.மு. 371-ல் தீப்ஸ் நகரத்தார் வீழ்த்தினர். எல்லோரும் களைத்துப் போன சமயத்தில் வடக்கேயிருந்து மாஸிடோனியாவின் பிலிப் அரசன் வந்து கி.மு. 338-ல் எல்லோரையும் அடக்கினான். மாஸிடோனியாவின் பிடியிலிருந்து விடுவிக்க ரோமாபுரியார் வந்தார்கள். கி.மு. 196-ல் கொரிந்து நகரை அடுத்த விளையாட்டு விழாவில் ரோமாபுரித் தளகர்த்தன் ‘கிரேக்கருக்குச் சுதந்திரம்’ என்று பறை சாற்றுவித்தான். கூட்டம் ஆனந்தக் கூத்தாடியது. சரியாக 50 வருஷம் கழித்து, கி.மு. 146-ல், அதே கொரிந்து நகரை ரோமாபுரிச் சேனை தரைமட்டமாக்கியது. விடுதலையை இனாமாகப் பெற்றவர்கள் கொடுத்த கிரயம் அது!

இனி நமது பாலாற்றங்கரைக்குத் திரும்புவோம். 1740-ல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் தாமலச்செருவுக் கணவாயில் மகாராஷ்டிரரை எதிர்த்து மாண்டார். அவர் மருமகர் சந்தா சாகிப் மறுவருஷமே திருச்சிராப்பள்ளியில் அவர்களிடம் சிறைப்பட்டார். அவருடைய குடும்பத்தாருக்குப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடைக்கலம் கொடுத்தனர். 1742-ல் தோஸ்த் அலியின் மகன் ஸப்தர் அலியை அவருடைய மைத்துனர் முர்த்தஸா அலி வேலூரில் கொல்வித்தார். வீடு இவ்வாறு வெந்து கொண்டிருக்கையில் ஹைதராபாத் நிஜாம் அன்வருத்தீனை நவாபாக அமர்த்தினார். 1748-ல் நிஜாமும் காலமானார். அங்கே மகன் நாசிர் ஜங்குக்கும் பேரன் முஸபர் ஜங்குக்கும் பட்டத்துக்குப் போட்டி. இங்கே அன்வருத்தீனுக்கும் சிறை மீண்ட சந்தா சாகிபுக்கும் போட்டி. பட்டம் வேண்டிய பேரனும் நவாப் பதவி வேண்டிய மருமகரும் கைகோத்துப் புதுச்சேரிக் கவர்னர் டூப்ளேயிடம் உதவி கேட்டார்கள்.

டூப்ளே மனமுவந்து கொடுத்தார். ஏறக்குறைய 400 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் வந்தனர். கணவாயை அடைத்துக் கொண்டு ஆம்பூர்க் கோட்டையின் கீழ் அகழும் அரணும் கட்டி அன்வருத்தீன் காத்திருந்தார். அவர் பக்கம் ஆட்பலம் பெரிது. ஆயினும் பிரெஞ்சுப் படை அரணைத் தாண்டிவிட்டது. முதிர்ந்த வயதிலும் யானைமேலிருந்து போர் செய்த நவாப் களத்திலேயே உயிர் துறந்தார். மூத்த மகன் பிடிபட்டார். இளைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். புதுச்சேரியைச் சுற்றிய வில்லியனூர், பாகூர்ச் சீமைகள் பிரெஞ்சுக்காரருக்குக் கைம்மாறாகக் கிடைத்தன. இவற்றையெல்லாம் அருகிருந்து பார்த்து நாள்தோறும் எழுதி வைத்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை.

ஓடிய முகமது அலி சும்மா இருப்பாரா? அவர் ஆங்கிலக் கும்பினியாரை அழைத்தார். அது போதாதென்று, திருச்சிராப்பள்ளியைத் தருவதாக வாக்களித்து மைசூராரையும் அழைத்தார். பிற்பாடு அவ்வாக்கைத் தாமே மீறினார். தஞ்சாவூராரும் வந்தனர், மகாராஷ்டிரரும் வந்தனர். 1750 டிசம்பரில் நாசிர் ஜங் மாண்டார். 1751-ன் தொடக்கத்தில் முஸபர் ஜங் மாண்டார். 1752-ல் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்த சந்தா சாகிபைத் தஞ்சைத் தளபதி தலை கொய்வித்தார். ஆம்பூரில் வெற்றி முரசு கொட்டிய இருவரும் மூன்று வருஷம் முடியுமுன் மண்ணில் மறைந்தார்கள். 1760-ல் வந்தவாசியிலும் 1761-ல் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர் வீழ்ந்தனர். முகமது அலி நவாபானார்.

ஆனார், எதற்கு நவாபானார்? தமக்காகப் போர் செய்த படையின் செலவு அவர் தலைமேல் ஏறிற்று. அதற்காக 1763-ல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். பாக்கியை அடைக்கச் சென்னப்பட்டணத்து வெள்ளைக்காரரிடம் கடன் வாங்கினார்; அந்த வட்டியைக் கட்ட வேறு கடன் வாங்கினார். கடன்காரருக்கு ஈடாக நின்றது எது? உழவனின் நிலவரி! பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் இறைத்தவன் உழைப்பு, அவன் கண்ணால் காணாத கடன்காரனுக்கு முன்கூட்டியே விற்கப்பட்டது. இந்தக் கடன்களின் நாற்றம் 1785-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு வரை எட்டி, எட்மண்டு பர்க் அதைக் கண்டித்து மணிக்கணக்கில் பேச நேர்ந்தது. 1801-ல் கும்பினியார் கர்நாடக ராஜ்யம் முழுவதையும் தாமே எடுத்துக் கொண்டனர். வீட்டைக் காக்க வந்த காவற்காரன் கூலி பாக்கிக்காக வீட்டையே ஏலத்தில் எடுத்துவிட்டான்.

இங்கே சிலர் ஒரு தடை எழுப்பலாம். ‘நவாபுகள் சண்டையிட்டால் நமக்கென்ன? அது எந்த மதத்தார் ஆண்ட காலம்?’ என்று கேட்பவர் உண்டு. தஞ்சாவூரைப் பார்க்கட்டும். பட்டமிழந்த ஷாஜி ராஜா அதே 1749-ல் கும்பினியாரை உதவிக்கு அழைத்தார். அவர்கள் தேவிக்கோட்டையைத் தமக்கென்று வைத்துக் கொண்டு, எதிரியாயிருந்த பிரதாப சிம்ம ராஜாவோடு சமாதானம் செய்துகொண்டு, ஷாஜியைக் கைவிட்டனர். ஹிந்து ராஜாவும் முஸ்லிம் நவாபும் ஒரே பள்ளத்தில் விழுந்தார்கள். இந்தக் குற்றத்துக்கு மத வேற்றுமையைப் பொறுப்பாக்குவது, திருடனை விட்டுவிட்டு அண்டை வீட்டான்மேல் பிராது கொடுப்பதாகும்.

வேறு சிலர், ‘ஐரோப்பியரின் ஒழுங்கான காலாட்படையும் துப்பாக்கி வேகமுமே ஜயித்தன, ஒப்பந்தம் என்ன செய்தது?’ என்பார்கள். இதில் உண்மை உண்டு. 1746-ல் அடையாற்றங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை நவாபின் பெருஞ் சேனையைச் சிதற அடித்தது. ஆனால் கவாத்தும் துப்பாக்கியும் கற்றுக் கொள்ளக் கூடியவை. ஹைதர் அலி கற்றார். கும்பினியாரைச் சென்னப்பட்டணத்து வாயிலில், 1769-ல், தாம் சொன்னபடி சமாதானம் எழுத வைத்தார். துப்பாக்கி நம்மை அடிமைப்படுத்தியது என்பதைவிட, துப்பாக்கி பிடித்தவனுக்கு நம் நிலவரியைச் சம்பளமாக எழுதிக் கொடுத்தது நம்மை அடிமைப்படுத்தியது என்பதே பொருந்தும். தோல் ஷாப்புக்காரர்கள் இதை எளிதில் உணர்வார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய தோல் மறுபடி பச்சைத் தோலாகாது. வரி வசூல் அந்நியன் கைக்குப் போன பின்பு, கொலு மண்டபத்தில் யார் அமர்ந்தால் என்ன?

ஒன்றை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தா சாகிபோ முகமது அலியோ மூடர்கள் அல்லர். தேசத்தை விற்கிறோம் என்று எண்ணிக் கையெழுத்திட்டவர்களும் அல்லர். ஒவ்வொருவருக்கும் அன்றைய ஆபத்து பெரிதாயிருந்தது. கேட்ட உதவி சிறிதாயிருந்தது. முதற் கடன் வாங்குகிறவனுக்கு எப்போதும் தக்க காரணம் இருக்கத்தான் இருக்கும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆகையால் யார் உதவிக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டே கையெழுத்திட வேண்டும் என்கிறோம். வருகிற பலம் யார் கட்டளைக்கு அடங்கும்? அதன் செலவு எந்த வருமானத்திலிருந்து போகும்? அது திரும்பிப் போகும் நாள் எது? ஸ்பார்ட்டா இவற்றைக் கேட்கவில்லை. ஆர்க்காடும் கேட்கவில்லை, தஞ்சாவூரும் கேட்கவில்லை. சுதந்திர தேசம் அந்நிய நாட்டோடு எழுதும் உடன்படிக்கைக்கும் இக்கேள்விகள் பொருந்தும். உட்சண்டையில் எதிர்க் கோஷ்டியை வெல்வதற்காக வெளியிலிருந்து பணமும் பலமும் தேடும் கட்சித் தொண்டருக்கும் பொருந்தும். சகோதரனிடம் தோற்றால் இழந்ததை நாளை அவனிடமே கேட்டு வாங்கலாம்; அந்நியன் தயவால் ஜயித்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கேட்காமல் எழுதிய ஒப்பந்தத்தை மீட்க எத்தனை காலம் பிடித்தது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஸப்தர் அலி சொந்த உறவினர் சதியால் மாண்ட அதே வேலூரில், கோட்டைக்குள்ளிருந்த சிப்பாய்கள் 1806 ஜூலை 10-ந் தேதி கும்பினிக்கு எதிராக எழுந்து ரத்தம் சிந்தினார்கள். 1947-ல் ஆங்கிலேயர் போனார்கள். ஆம்பூரின் கைம்மாறாகப் போன வில்லியனூரும் பாகூரும், புதுச்சேரியோடு சேர்ந்து, 1954 நவம்பர் 1-ந் தேதிதான் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை விட்டு நம் கைக்கு வந்தன. ஒரு பகற்பொழுதில் கொடுத்ததை வாங்க 205 வருஷங்கள்! இந்த வட்டி விகிதத்தை நமது பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்க வேண்டாமா? பேரணாம்பட்டு, ஆம்பூர், வேலூர்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் மாணவர்களைத் துர்க்க மலை அடிவாரத்துக்கு அழைத்துச் சென்று இந்தக் கணக்கைச் சொல்லித் தருவார்களானால், அதைவிடச் சிறந்த ராஜீயக் கல்வி வேறு வேண்டியதில்லை.