மூன்று நிமிஷ நடிகன்

நடிகர் தேர்வுக்குப் போகும் இளைஞர்களுக்கான யோசனைகள் என்று ஒரு நகல் தாள் நம் நாடகக்காரர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. சிரித்த முகத்துடன் உள்ளே போ. தேர்வாளர்களின் கண்ணைப் பார்த்துப் பேசு. கோபம், அழுகை, சிரிப்பு மூன்றும் வருகிற வசனமாகத் தேர்ந்தெடு. முடித்ததும் நன்றி சொல். ஏறக்குறைய இதே யோசனைகளை மனப்பாடம் செய்துதான் நான் வங்கியில் குமாஸ்தா ஆனேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார இவை போதும். மேடையில் நிற்கவும் இவையே போதும் என்கிறபோதுதான் வயிறு எரிகிறது.

அமெரிக்காவில் மைக்கேல் ஷர்ட்லெஃப் என்பவர் 1978ல் ஆடிஷன் என்றே ஒரு புத்தகம் எழுதினார். பிராட்வே நாடகங்களுக்கு நடிகர்களைப் பொறுக்கித் தந்தவர். அங்கே வேஷம் கிடைத்தால்தான் வீட்டு வாடகை. அந்த வியாபாரச் சூழலிலிருந்து பேசுகிறவரே 12 வழிகாட்டிகளைச் சொல்லும்போது முதலாவதாக வைப்பது உறவை. எதிரில் இருப்பவன் உனக்கு யார் என்ற கேள்வியை. காட்சி தொடங்குவதற்கு முந்தைய கணத்தில் என்ன நடந்தது என்றும் கேட்கச் சொல்கிறார். நமது தாளில் இவை எதுவும் இல்லை. புன்னகையும் நன்றியும் மட்டும் தங்கியிருக்கின்றன.

நம்மிடம் தேர்வே இருந்ததில்லை என்று சொல்ல வரவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையனைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அவன் வேஷம் போயிற்று. குரூரம்தான். ஆனால் நேர்மையான குரூரம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை பாட்டு போய்ச் சேரவேண்டியிருந்தது, அதையே சோதித்தார்கள். தெருக்கூத்தில் பையன் பின்பாட்டுப் பாடி, சின்ன வேஷம் கட்டி, பல இரவுகள் கண் விழித்த பிறகுதான் பெரிய வேஷத்துக்கு வருகிறான். அந்த இரவுகளே தேர்வு. தில்லியின் தேசிய நாடகப் பள்ளிகூட முதல் சுற்றுத் தேர்வோடு நிறுத்திக்கொள்வதில்லை. தேறியவர்களை வரவழைத்து, சில நாள் பட்டறையில் வைத்துப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்கிறது.

நாம் செய்வது என்ன? முத்துசாமியின் நாடகத்தைப் போடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டு, வருகிறவனிடம் மூன்று நிமிஷம் ஏதாவது செய்து காட்டு என்கிறோம். அவன் 1952ல் வந்த பராசக்தியின் நீதிமன்றக் காட்சியைப் பேசுகிறான். குறை அவனிடம் இல்லை. தனியாக நின்று ஒருவன் செய்யக்கூடியது சொற்பொழிவுதானே? பிறகு அதே நாம் தமிழ் நாடகம் சபாக்களின் வசனத்திலிருந்து விடுபடவில்லை என்று கட்டுரை எழுதுகிறோம்.

இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சிறு குழுவின் தேர்வில் மூவரில் ஒருவனாக நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிற ஒரு பையன் வந்தான். கொடுத்த பக்கத்தைத் தணிந்த குரலில் வாசித்தான். குரல் எடுபடவில்லை என்று எழுதினோம். நானும்தான் எழுதினேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, ஒத்திகைகளுக்கு வந்து பெஞ்சுகளை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் ஒரு நடிகர் வராததால் அந்தப் பகுதியை இவனை வாசிக்கச் சொன்னோம். எதிரே நின்றவர் தன் வசனத்தைச் சொல்லி முடித்ததும் இவன் உடனே பதில் சொல்லவில்லை. கேட்டது உள்ளே போய்ச் சேரும்வரை காத்திருந்தான். பிறகு சொன்னான். எதிரே நின்றவர் தடுமாறிப்போனார். ஆறு வாரமாக அவருக்கு யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை, வசனம் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறையிலிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. ஆனாலும் வேஷத்தை மாற்றவில்லை. மறுவாரம் உரத்த குரல்காரர் வந்துவிட்டார். அதற்கடுத்த வாரம் அந்தப் பையன் வருவது நின்றுவிட்டது.

மூன்று நிமிஷத்தில் தெரிவது ஒருவன் தன்னை எப்படி விற்கிறான் என்பதுதான். விற்பனையை விரும்புகிறவர்கள் தாராளமாக அதைச் சோதிக்கட்டும். சம்பளம் தராத, மாலையில் அலுவலகம் விட்டு வருகிறவர்களைக் கொண்டு நடக்கிற நம் குழுக்களுக்கு இந்தப் பாவனை எதற்கு? பெஞ்சில் உட்கார்ந்து ஒருவனை நிற்கவைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நான் அனுபவித்திருக்கிறேன். அதற்கு மேல் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. தேர்வை விட்டுவிட்டு, விரும்பி வருகிறவர்கள் எல்லோரையும் ஒரு வாரம் ஒத்திகையில் வைத்துப் பார்க்க நமக்கு என்ன தடை?

அதுவரை, இளம் நடிகர்களுக்கு என் யோசனைகள். சினிமா வசனத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முழு நாடகத்தையும் படிக்கக் கேளுங்கள். தர மறுக்கிற குழுவில் சேராதீர்கள். தனியாகப் பேசச் சொன்னால், எதிரில் ஒருவரை நிற்கவைக்கச் சொல்லுங்கள். அவர் பேசும்போது கேளுங்கள். உங்கள் முறை வரும்வரை காத்திருப்பது வேறு, கேட்பது வேறு. குரல் எடுபடவில்லை என்று யாராவது சொன்னால், உங்களுக்குக் காது இருக்கிறதா என்று அவரைக் கேளுங்கள். அந்தப் பையன் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.