'தானாப் போகட்டும்' என்கிறவர்களுக்கு

செவலைக்கு ஊசி போட்ட மறுநாள் காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் மாவுக்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "என்னதான் இருந்தாலும் வாயில்லா ஜீவன். தானாப் போகட்டும்னு விட்டிருக்கலாமேம்மா. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?" என்றார். நான் எதுவும் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு, சாயங்காலம் தூக்குச்சட்டியில் ரசஞ்சோறு கொண்டுவந்தவரும் அவரேதான். "நாய்தானே, இதுக்கெல்லாமா பட்டினி கிடப்பாங்க? வேற ஒண்ணு வாங்கிக்கிட்டாப் போச்சு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்.

நல்ல மனசுக்காரர். அதனால்தான் அவர் சொன்ன இரண்டும் எனக்கு ராத்திரி முழுக்க அடங்கவில்லை. வெறும் நாய்தான் என்றால் பாவம் எங்கிருந்து வந்தது? பாவம் சேரும் அளவுக்கு அது ஓர் உயிர் என்றால், அந்த உயிருக்காக ஒருவேளைச் சோறு இறங்காமல் போவதில் என்ன குற்றம்? வளர்த்த பிராணிக்கு ஊசி போட முடிவெடுத்த யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு பேச்சையும் வாங்கியிருப்பார்கள், பெரும்பாலும் ஒரே வாயிலிருந்து. இரண்டாவதை விட்டுவிடுகிறேன், அது ஆறுதல் சொல்லத் தெரியாத பிரியம். முதலாவதை விடமுடியாது. 'தானாப் போகட்டும்' என்ற அந்த ஒரு சொல் நம் ஊர்களில் எத்தனையோ நாய்களையும் பூனைகளையும் மாடுகளையும் நாள்கணக்கில் துடிக்க விட்டிருக்கிறது.

தானாகப் போவது எப்படியிருக்கும் என்பதை எனக்குப் பத்து வயதில் மணி என்ற நாய் காட்டியது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் தாத்தாவின் கிராமம். கோடை விடுமுறை. மணிக்கு முதலில் கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்தது, பிறகு தாடை தானாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, எதையோ மென்றுகொண்டே இருப்பதைப் போல. டிஸ்டெம்பர் என்ற பெயர் அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. 'வலிப்பு' என்றார்கள். நாலாம் நாள் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. தொழுவத்து ஓரமாக நனைத்த சாக்கு விரித்துக் கிடத்தினார்கள். ஆச்சி கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைப்பாள். நக்குவதற்குத் தலையைத் தூக்கினால் தாடை ஆடி, தண்ணீர் கவிழ்ந்துவிடும். ஈ ஓட்டுவதற்காக நான் விசிறிமட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நாள் அதன் கண்ணோரத்தில் எறும்பு ஏறியிருந்தது. கண்ணை மூடக்கூட அதனால் முடியவில்லை.

டவுனில் மாட்டாஸ்பத்திரி இருந்தது. கொண்டுபோகட்டுமா என்று மாமா கேட்டார். "ஊசி போட்டுக் கொன்னுருவாங்க. நம்ம கையால எதுக்குப் பாவம்? தானாப் போகட்டும்" என்றார் தாத்தா. ஒன்பதாம் நாள் விடியும்போது சாக்கு அசையவில்லை. "நல்லபடியாப் போய்ச் சேந்துருச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதில் நல்லபடி என்று சொல்ல ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை.

'இயற்கை' என்கிறார்கள். செவலை பதின்மூன்று வயது வரை இருந்ததில் எது இயற்கை? குட்டியிலேயே பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி, வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி, மாதக்கணக்குப் பார்த்துக் குடற்புழு மருந்து, உண்ணிக் காய்ச்சல் வந்தபோது டாக்ஸிசைக்ளின், கருத்தடை ஆபரேஷன். காட்டில் நோஞ்சானாகிப் போன மிருகத்தை வேறொன்று அடித்துவிடும், இல்லாவிட்டால் பசி சீக்கிரம் முடித்துவிடும். அந்த இரண்டையும் வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம். கேட்டுக்குள் நுழைந்த நோயை மாத்திரையாலும் டிரிப்ஸாலும் இழுத்துப் பிடித்தவர்களும் நாமே. பதின்மூன்று வருஷம் ஒவ்வொரு முடிவையும் நாம் எடுத்துவிட்டு, கடைசி முடிவை மட்டும் இயற்கையின் தலையில் போடுவது எந்த ஊர் நியாயம்?

செவலைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ரத்தத்தில் யூரியா ஏறினால் நாயின் வாய்க்குள் புண் வரும். நாக்கின் ஓரம் வெந்ததுபோலாகி, மூச்சில் ஒரு புளித்த வாடை அடிக்கும். பசிக்கிறது, தட்டு வரை வருகிறது, மோந்து பார்க்கிறது, குமட்டித் திரும்பிப்போகிறது. தண்ணீர் குடித்தால் அதுவும் வாந்தி. நான் கொண்டுபோன கிளினிக்கில் ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கிரியாட்டினின் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் கூடிக்கொண்டே போனது. "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்" என்பதைத் தவிர அங்கே யாரும் எதையும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

"வாலாட்டுதே, அதுக்கு இன்னும் ஆசை இருக்கு" என்பார்கள். எனக்கும் அதே நம்பிக்கை இருந்தது. ஆனால் நாய் வலியைக் காட்டிக்கொள்ளாத ஜாதி. நம்மைப் பார்த்ததும் வாலாட்டுவது நம்மேல் உள்ள பிரியத்துக்கு; உடம்பு எப்படி இருக்கிறது என்பது அதில் தெரியாது. இதை அளப்பதற்கு ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-இல் ஒரு கணக்குத் தந்தார். வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது: இந்த ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் வரவேண்டும். நான் அவ்வளவுகூடச் செய்யவில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், ஒவ்வொரு ராத்திரியும் நல்ல நாளா கெட்ட நாளா என்று ஒரே சொல் எழுதி வைத்தேன். பதினொரு தாள் சேர்ந்தபோது நல்ல நாள் என்று இரண்டுதான் இருந்தது. மனசு பொய் சொல்லும். தாள் சொல்லவில்லை.

பாவத்துக்கு வருகிறேன். கொல்லாமையைச் சொல்ல எல்லோருக்கும் உடனே திருக்குறள் நினைவுக்கு வருகிறது. கொல்லாமை 33-ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய 32-ஆம் அதிகாரம் இன்னா செய்யாமை. எவ்வுயிருக்கும் துன்பம் செய்யாதிருப்பதை முதலில் வைத்துவிட்டுத்தான் வள்ளுவர் கொல்லாமைக்கு வருகிறார். முன் அதிகாரத்தைத் தாண்டிக் குதித்துப் பின் அதிகாரத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் கேட்கிறேன்: வாய் வெந்து, தண்ணீர் இறங்காமல், ஒன்பது நாள் ஓர் உயிரைக் கிடத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னா இல்லாமல் வேறென்ன?

அகிம்சை என்று வாயடைக்கிறவர்களுக்கு 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் நடந்தது தெரிந்திருக்க வேண்டும். ஊனப்பட்டுப் போன கன்றுக்குட்டி ஒன்றுக்கு எவ்வளவோ வைத்தியம் பார்த்தும் தேறவில்லை. புரண்டு படுக்கக்கூட முடியாத வேதனை. காந்தி ஆசிரமத்தாரைக் கூட்டிப் பேசினார். நம்மால் படைக்க முடியாத உயிரை அழிக்க நமக்கு உரிமை கிடையாது என்று ஒருவர் மறுத்தார். காந்தி டாக்டரை வரவழைத்து விஷ ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. அதன்பிறகு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் கோபக் கடிதங்கள் குவிந்தன. அவர் மறைக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. 'நவஜீவன்', 'யங் இந்தியா' இரண்டிலும் பகிரங்கமாக எழுதி, தான் செய்தது அகிம்சைதான் என்று வாதாடினார். நம் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக இன்னொரு உயிரை வேகவைப்பது அகிம்சையாகுமா என்பதுதான் அந்தக் கன்று எழுப்பிய கேள்வி. நூறு வருஷம் ஆகப்போகிறது. எதிர்வீட்டு வாசலில் அதே கேள்வி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

நம் ஊரிலேயே ஒரு யானை அதைக் கேட்டது. சேலம் சுகவனேஸ்வரர் கோயில் ராஜேஸ்வரி. 42 வயது. எழ முடியாமல் விழுந்து, கிடந்த இடத்திலேயே கிடந்து, உடம்பில் புண் வைத்துவிட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று மருத்துவர் சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று 2018 ஏப்ரலில் நீதிமன்றம் அனுமதித்தது. ஊசிக்கு முன்பே யானை இறந்துவிட்டது. "நல்லவேளை, தானாவே போயிருச்சு" என்று டிவி பார்த்துக்கொண்டிருந்த என் பெரியப்பா பெருமூச்சு விட்டார். எதில் நல்லவேளை என்று கேட்க அப்போது எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சட்டம்கூட நம்மைவிட மென்மையாக யோசித்திருக்கிறது. தெருநாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுக்காக 2001-இல் வந்த மத்திய அரசு விதிகளில், குணமாக்க முடியாத நோயும் பிழைக்க முடியாத காயமும் உள்ள நாய்களைத் தகுதியுள்ள கால்நடை மருத்துவர் வலியில்லாமல் முடித்துவைக்க இடம் இருந்தது. அதோடு ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ஒரு நாயின் கண்முன்னே இன்னொரு நாய்க்கு இதைச் செய்யக்கூடாது. யாரோ ஒருவர் அந்த இடத்தில் நின்று, பக்கத்திலிருந்த நாயின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

இந்தப் பாவபயம் இன்னொன்றையும் செய்கிறது. ஊசி போட்டால் பாவம், வீட்டில் வைத்துப் பார்க்கவும் முடியவில்லை என்கிறவர்கள், சீக்கு நாயை ஆட்டோவில் ஏற்றிச் சந்தைப் பக்கமோ கோயில் பக்கமோ இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். "எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கும்" என்கிறார்கள். பதினாலு வருஷம் ஒரே வீட்டு வாசலில் படுத்த நாய், நடக்க முடியாமல், தெரியாத தெருவில். கொல்லவில்லை என்ற நிம்மதியோடு அவர்கள் தூங்கப்போகிறார்கள்.

எதிர்த்தரப்பில் உண்மை ஒன்று இருக்கிறது. வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, வயசாகிவிட்டது, கார்ப்பெட்டில் மூத்திரம் போகிறது என்று நல்ல உடம்போடு இருக்கிற நாயை ஊசிக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அது கொலைதான். மாட்டேன் என்று திருப்பியனுப்பும் டாக்டருக்கு என் வணக்கம். யாருடைய கஷ்டத்தைத் தீர்க்க இந்த ஊசி என்று கேட்டுக்கொண்டால் போதும், பதில் நமக்கே தெரியும்.

நம் மொழியிலும் சிக்கல் இருக்கிறது. 'கருணைக்கொலை' என்று சொல்லி வைத்திருக்கிறோம். முன்னால் கருணை இருந்தாலும் காதில் விழுந்து தங்குவது கொலைதான். ஆனால் அதே தமிழில்தான், கஷ்டப்படாமல் போனவரைப் பற்றி 'நல்ல சாவு' என்கிறோம். இழுத்துக்கொண்டு கிடக்கும் பாட்டிக்குச் சொந்தக்காரர் எல்லோரும் வந்து ஆளுக்கொரு சங்கு பால் ஊற்றுகிறோம். எதன்மேலோ ஆசை வைத்து உயிர் போகாமல் கிடக்கிறது என்று, சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து நாக்கில் விடுகிறோம். போகவேண்டிய உயிர் போகமுடியாமல் கிடப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவை நாயின் பக்கத்தில் வந்ததும் மறந்துவிடுகிறோம்.

ஊசி போட்டவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். உங்களை ராத்திரியில் எழுப்புவது அந்தக் கடைசிப் பார்வை என்று எனக்குத் தெரியும். 'என்னை நம்பிப் பார்த்துச்சே, நான் துரோகம் பண்ணிட்டேனே.' கண் திறந்தபடியே இருந்ததால் அது உங்களைக் குற்றம்சாட்டியதுபோல் தோன்றும். எங்கள் வீட்டுக்கு வந்த டாக்டர் மருந்தை எடுப்பதற்கு முன்பே தரையில் உட்கார்ந்து சொன்னார்: "போனப்புறமும் கண்ணு மூடாதும்மா, நாய்க்கு அப்படித்தான். ஒருதடவை மூச்சு இழுக்கிற மாதிரி வரும், தோல் துடிக்கும். பயந்துறாதீங்க. அதுக்கு அப்ப எதுவும் தெரியாது." இந்த நாலு வாக்கியத்தைச் சொல்லாமல் ஊசியை எடுக்கிற டாக்டர், வளர்த்தவர் தலையில் பல வருஷத்துக்கான சுமையை ஏற்றிவிட்டுப் போகிறார். முதலில் தொடையில் மயக்க ஊசி. அது அசந்து தூங்கிய பிறகு, முன்னங்காலில் மயிரை வழித்து, நரம்பில் தயோபென்டோன். செவலை பார்த்த கடைசிக் காட்சி மயக்க ஊசிக்கு முன்னால் என் மடி. அதற்குப் பிறகு திறந்திருந்த கண்ணில் பார்வை இல்லை. சீக்கிரம் செய்துவிட்டோமோ என்று உங்களை அரிக்கும். என்னை அரிப்பது அந்தக் கிளினிக்கின் ஐந்து நாள்.

அன்றைக்கு டாக்டர் வருவதாகச் சொன்னது காலை பதினொரு மணி. 'பாவம்டி, தானாப் போகட்டும்' என்று ஒரு வாரமாக என்னோடு மல்லுக்கு நின்ற அம்மா, முந்தின ராத்திரி முழுக்கச் செவலையின் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். அது ஓங்கரிப்பதை ஒவ்வொரு தடவையும் எழுந்து துடைத்திருக்கிறாள். காலையில் என்னிடம் எதுவும் பேசவில்லை. பத்தரைக்குச் சமையலறையில் பால் காய்ச்சும் வாசம் வந்தது. ஆறவைத்து, பூஜை அலமாரியில் இருந்த, எங்களுக்கெல்லாம் மருந்து புகட்டிய பழைய வெள்ளிச் சங்கில் ஊற்றிக்கொண்டு வந்து, செவலையின் உதட்டோரத்தில் இரண்டு சொட்டு விட்டாள். அது நாக்கை நீட்டி நக்கியது. அம்மா முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிட்டு, "டாக்டர் வந்துட்டாரான்னு கேட்டைப் பாரு" என்றாள்.