கருச் சோதனையும் கும்மிடிப்பூண்டித் தொழிலாளியும்

செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருவைத் தாயின் கருப்பையில் சேர்க்குமுன் அதன் மரபணுக்களைப் பரிசோதிக்கும் முறை நமது பெருநகரங்களில் வேரூன்றிவிட்டது. ஐந்து நாள் வளர்ந்த கருவின் வெளிப்படலத்திலிருந்து சில உயிரணுக்களை எடுத்து ஆராய்வார்கள். இது சம்பந்தமான 2021-ம் வருஷத்துச் சட்டம் 2022 ஜனவரி 25-ந் தேதி அமலுக்கு வந்தது. அறியப்பட்ட பரம்பரை நோய்களையும் மரபணு நோய்களையும் கண்டறிய மட்டுமே அதன் 25-வது பிரிவு இச்சோதனையை அனுமதிக்கிறது. ஆண், பெண் என்று பொறுக்குவதை 26-வது பிரிவு விலக்குகிறது. கோடு சரியான இடத்தில்தான் கிழிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அனுமதிக்கப்பட்ட நன்மை யாருக்குக் கிட்டுகிறது?

திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சிப்காட் ஆலைகளில் தமிழரோடு ஒடிசா, வங்காளம், பீகார் தொழிலாளரும் உழைக்கிறார்கள். மேற்கு ஒடிசாவில் அரிவாள் அணு ரத்தசோகை மிகுதி. வங்காளத்தில் தலசீமியா மிகுதி. தமிழ்நாட்டிலோ, ரத்த உறவுக்குள் நடக்கும் விவாகங்கள் கால் பங்குக்கு மேல் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஆகவே பரம்பரை நோய் இவ்வட்டாரத்துக்கு அன்னியமான விஷயமன்று. தாய், தந்தை இருவரும் தலசீமியாவின் கூறை வெளித்தெரியாமல் தாங்கியிருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. கடுமையான அந்நோயோடு பிறந்த குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் கழியும் நாட்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலி கிடையாது. அடுத்த குழந்தையாவது நோயின்றிப் பிறக்கவேண்டும் என்று அவன் விரும்பினால், சட்டம் தாராளமாக வழிவிடுகிறது. லட்சக்கணக்கான ரூபாய்ச் செலவு வழிமறிக்கிறது!

கருவுற்ற பின் பதினோராம் வாரத்தில் சோதித்து, நோயிருந்தால் கலைத்துவிடலாமே என்பர் சிலர். சொல்வது சுலபம், சுமப்பவள் ஸ்திரீ.

பணமுள்ளவர்களிடமோ, நோயின் சுவடே இல்லாத தம்பதிகளிடமும், குழந்தைப் பேறு கைகூடும் என்று ஆசைகாட்டி, நிறத்திரிகளின் எண்ணிக்கையைச் சோதிக்கும் முறை விற்கப்படுகிறது. சீனாவில் 1,212 பெண்களிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இச்சோதனை செய்துகொண்டோரில் நூற்றுக்கு 77.2 பேரும், செய்துகொள்ளாதோரில் 81.8 பேரும் குழந்தை பெற்றனர். அவர்கள் 20 முதல் 37 வயதுக்குட்பட்டவர்கள். நல்ல கருக்கள் மூன்றேனும் உடையவர்கள். அத்தகையோரிடம் இதை விற்பது வைத்தியமா, வியாபாரமா? அறியப்பட்ட நோய் எதுவுமில்லாத இடத்தில் 25-வது பிரிவுக்குத்தான் என்ன பொருள்?

வேறோர் ஆபத்தும் உண்டு. 1990-ல் லண்டனில் இம்முறை முதன்முதலாகப் பயன்பட்டபோது கருவின் பாலையே கண்டறிந்தார்கள். ஆண் குழந்தைகளைத் தாக்கும் நோய்களைத் தவிர்ப்பது அங்கு நோக்கம். நோயைப் படிக்கும் கருவி பாலையும் படித்துவிடும் என்பதை நாம் மறத்தலாகாது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்படவேண்டியிருந்த நாடு இது. பால் தேர்வுக்குச் சிறைத் தண்டனை ஏட்டில் இருந்தால் போதாது. ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை கருக்கள் சோதிக்கப்பட்டன, என்ன நோய்க்காக, எவை ஒதுக்கப்பட்டன, ஏன் என்பதை அதிகாரிகள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தருக்குச் செயற்கைக் கருத்தரிப்புச் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. உருக்கு உலையில் வேகிறவன் என்ன குற்றம் செய்தான்? 2022-ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் மருத்துவக் கல்லூரியில், மணமாகும் முன்பே ஆணும் பெண்ணும் நோய்க்கூறை அறிந்துகொள்ள இலவச ரத்தச் சோதனை நடக்கட்டும். அதற்கு ஆகும் செலவு சொற்பம். அபாயம் உறுதிப்பட்ட தம்பதிகளுக்குக் கருச் சோதனையை எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியில் சர்க்கார் செலவிலேயே செய்யவேண்டும். வருகிற வரவு செலவுத் திட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்கும்படி திருவள்ளூர் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றிக் கேட்பார்களா? ஆலைத் தொழிற்சங்கங்களும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.